ஐந்தாம் அத்தியாயம்: விட்ட பிறகு வரும் இருமல்

"தம் அடிச்சினு இருந்த வரைக்கும் நல்லாத்தான்பா இருந்தேன். வுட்ட அப்புறம்தான் ஒடம்பு கெட்டுப்போச்சு."

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே உள்ள டீக்கடைகளிலும், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் நிழலிலும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. புகையை விட்ட முதல் வாரங்களில் இருமல் கூடும், மலம் கட்டும், வாய் புண்ணாகும், தலை கிறுகிறுக்கும், தூக்கம் கெடும். பிடித்துக்கொண்டிருந்தபோது இவை இல்லை. விட்டதும் வந்தன. ஆகவே விட்டதுதான் காரணம் என்று அவர் கணக்குப் போடுகிறார். கணக்கில் அவர் விட்ட ஒரே ஒரு வரி, இவையெல்லாம் எத்தனை நாள் இருக்கும் என்பது.

முதல் முறை விட்டபோது நானும் அந்த வரியை விட்டவன்தான். அப்போது திருவொற்றியூரில் ஷிப்ட் வேலை. ஒன்பதாம் நாள் இரவு, மார்பைப் பிளப்பது மாதிரி இருமி, பழுப்புச் சளி துப்பினேன். கூட இருந்த பெரியவர், "இருபது வருச பழக்கத்தை ஒரேடியா நிறுத்துனா ஒடம்பு தாங்குமா? ஒண்ணு போடு, சளி எளகும்" என்றார். போட்டேன். இருமல் அடங்கியது. அடங்கியதையே சான்றாக எடுத்துக்கொண்டு இன்னும் நான்கு ஆண்டுகள் பிடித்தேன். அந்த ஒன்பதாம் நாள் இரவு உங்களுக்கு வரும்போது, அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

ஒரு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். புகையிலையை ஒரே நாளில் நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து இல்லை. "திடீர்னு வுடக்கூடாது" என்பது சாராயத்துக்குப் பொருந்தும் எச்சரிக்கை. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம். அவர் மருத்துவர் துணையோடுதான் குடியை நிறுத்த வேண்டும். பீடிக்கும் சிகரெட்டுக்கும் அந்த நிலை கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் விட நினைப்பவர் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் மூன்று நாள்

கடைசி சிகரெட்டை அணைத்த மறுநாளே உங்கள் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் வாயு அது. அது போனதும் ஆக்சிஜன் கூடுதலாக ஓடும். நாடித்துடிப்பு குறையும். கையும் காலும் வெதுவெதுப்பாகும்.

ஆனால் நீங்கள் உணரப்போவது அதை அல்ல. நிகோடின் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு தூங்கி எழும்போது அநேகமாகத் தீர்ந்திருக்கும். அதனால்தான் காலையில் கண் விழித்ததும் கை தலைமாட்டைத் தடவுகிறது. பற்றவைத்துப் பத்து விநாடிக்குள் நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். இத்தனை ஆண்டுகளாக அதற்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த மூளை, இப்போது பட்டினி கிடக்கிறது. எரிச்சல், பதற்றம், தலைவலி, கிறுகிறுப்பு, வேலையில் மனம் நிற்காமை எல்லாம் அந்தப் பட்டினியின் கூச்சல். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இதில் ஒரு தொழில் எச்சரிக்கை உண்டு. கிரேன் ஓட்டுபவர்கள், டிரெய்லர் ஓட்டுபவர்கள், கன்டெய்னர் மேல் ஏறி லாஷிங் கட்டுபவர்கள், உயரத்தில் வெல்டிங் செய்பவர்கள் முதல் மூன்று நாளையும் விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். கிறுகிறுப்பு லேசானதுதான், ஆனால் நாற்பதடி உயரத்தில் லேசான கிறுகிறுப்பு என்று எதுவும் கிடையாது.

ஒவ்வொரு ஏக்கமும் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்கும். கூடிக்கொண்டே போவது போலத் தோன்றும், ஆனால் கூடாது. அந்த ஐந்து நிமிடத்துக்கு வாயில் ஏதாவது வேண்டும்: சோம்பு, ஏலக்காய், கிராம்பு, வறுத்த வேர்க்கடலை. துறைமுக கேட்டில் மணிக்கணக்காக நிற்கும் ஓட்டுநர்கள் கேபினில் ஒரு டப்பா வேர்க்கடலை வைத்துக்கொள்ளட்டும். அந்த வரிசையில் நிற்கும் அலுப்புதான் அவர்களுக்குப் பாதி சிகரெட்டைப் பற்றவைக்கிறது. சிகரெட்டுக்குப் பதில் ஹான்ஸ், கூல் லிப் என்று வாய்ப் புகையிலையை உதட்டில் அடக்குவது மட்டும் வேண்டாம். அது விடுவதல்ல, இடம் மாற்றுவது. வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

இருமலும் சளியும்

மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. கரைவலை இழுப்பவர்கள் ஒரே தாளத்தில் கயிற்றை இழுப்பது மாதிரி, இவை சேர்ந்து அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டைப் பக்கம் ஏற்றிக்கொண்டே இருக்கும். புகை இவற்றை முடக்குகிறது, நாளடைவில் குட்டையாக்கி உதிர்க்கிறது. சளியோ முன்னைவிட அதிகமாகச் சுரக்கிறது. இழுக்க ஆள் இல்லாத வலை போலச் சரக்கெல்லாம் உள்ளேயே கிடக்கும். இன்னொன்றும் உண்டு: புகை, இருமல் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடுகிறது. உள்ளே அழுக்கு சேர்ந்தாலும் தொண்டை குரல் கொடுப்பதில்லை.

விட்ட சில நாட்களில் நுண்மயிர்கள் அசையத் தொடங்கும், தொண்டையின் உணர்ச்சியும் திரும்பும். தேங்கிக் கிடந்தது மேலே வரும். சிலருக்கு இருமல் கூடுவதும், சாம்பலாகவோ பழுப்பாகவோ சளி வருவதும் இதனால்தான். எல்லோருக்கும் வராது. வந்தால் சில வாரம் இருக்கும், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். எனக்கு அன்று இரவு ஒரு சிகரெட்டில் இருமல் அடங்கியது எப்படி என்று பிறகுதான் புரிந்தது. எழுந்து வேலைக்கு வந்தவர்களை மறுபடி அடித்துப் படுக்க வைத்தேன், அவ்வளவுதான்.

வெந்நீர் அடிக்கடி குடியுங்கள். ஆவி பிடித்தால் இதமாக இருக்கும். இருமலை அமுக்கும் சிரப்பை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், வெளியே வர வேண்டியது வரட்டும்.

இனி எழுதப்போவதை இரண்டு முறை படியுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், "தம்மை விட்டதால் வரும் இருமல்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதக் கூடாது. சளிப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். இருமலோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். புகைத்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைத் துல்லியமாக நிறுவிய ஆய்வுகளில் ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் உடன் உழைத்தவர்களும் தமிழ்நாட்டில், நகரத்திலும் கிராமத்திலுமாக, இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளில் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணமாகிறது என்றது அது. புற்றுநோய்க்கு மட்டுமே அஞ்சிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆய்வு வேறொரு வாசலைக் காட்டியது. நெருக்கமான வீடுகள் உள்ள நம் குப்பங்களிலும் லைன் வீடுகளிலும் அந்த வாசல் மிக அருகில் இருக்கிறது.

பரிசோதனை இலவசம். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளி கொடுக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். காசநோய் இல்லை என்று வந்தால் அந்த நிம்மதியோடு இருமலாம். இருக்கிறது என்று வந்தால், புகையை விட்டதால்தான் அது நேரத்தோடு கண்ணில் பட்டது.

படபடப்புக்குக் காரணம் டீயாக இருக்கலாம்

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காபியில் இருக்கும் காபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகைப்பவர் எட்டு டீ குடித்தும் அசையாமல் இருப்பது அதனால். விட்ட ஓரிரு நாளில் அந்த முடுக்கம் தளர்ந்துவிடும். அதே எட்டு டீ இப்போது உடம்பில் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தங்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நடு இரவில் விழிப்பு வரும். "நிகோடின் இல்லாமல் நரம்பு தளர்ந்துபோச்சு" என்று பயந்து பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். டீயைப் பாதியாக்குங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம். நைட் ஷிப்ட்காரர்கள் ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டீயைக் குறைப்பதில் இன்னொரு லாபம்: டீயும் தம்மும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள், ஒன்றைப் பிடித்தால் மற்றது வரும்.

காபீனுக்கு நடப்பதே சில மருந்துகளுக்கும் நடக்கும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், மனநோய்க்கு ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்கள், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் புகையை விட்ட செய்தியை அந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டி வரலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயிறு, வாய், மூக்கு

"காலைல ஒரு டீ, ஒரு தம், அப்பத்தான் வெளிக்கு வரும்." நிகோடின் குடலை உந்தும் என்பது உண்மை. உந்துதல் நின்றதும் குடல் சில வாரம் சோம்பும். தண்ணீர், வாழைப்பழம், பப்பாளி, கீரை, நடை. காலையில் வெந்நீர் குடித்துவிட்டுப் பழைய நேரத்திலேயே போய் உட்காருங்கள். குடல் தானே பழகிக்கொள்ளும்.

வாய்ப்புண் முதல் இரண்டு வாரத்தில் பலருக்கு வரும். மணத்தக்காளிக் கீரையும் மோரும் இதம் தரும், காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், வலியே இல்லாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, வாயை முழுக்கத் திறக்க முடியாமை ஆகியவை வேறு ரகம். பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

பசி கூடும். விட்ட ஓராண்டில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுகிறது, அதில் அதிகம் முதல் மூன்று மாதத்தில். வலை இழுத்தும் மூட்டை தூக்கியும் வற்றிப்போன உடம்புக்கு அது கெடுதல் இல்லை. உட்கார்ந்து வண்டி ஓட்டுபவர்கள் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்று மாற்றிக்கொண்டால் போதும். எடைக்கு அஞ்சி மறுபடி பற்றவைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

பிறகு மூக்கு. சில நாட்களில் நாக்கும் மூக்கும் திறக்கத் தொடங்கும். நெத்திலிக் குழம்பில் மாங்காய் போட்டிருப்பது வாயில் வைக்கும் முன்பே தெரியும். பழைய சட்டையில், போர்வையில், குழந்தையின் தலையணையில்கூட ஊறிப்போன புகை நாற்றம் தெரியும், அப்போது மனசு வலிக்கும். நம் பகுதியில் இன்னொன்றும் தெரியவரும். மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவில் எண்ணெய் வாடை, உரத் தொழிற்சாலைப் பக்கம் மூக்கைக் குத்தும் நெடி. "நான் விட்டதும் ஊர் நாறுது" என்று ஒருவர் என்னிடம் குழம்பினார். ஊர் முன்னமே நாறிக்கொண்டுதான் இருந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது, கசிந்த அம்மோனியாவின் நெடி மூக்கில் ஏறியதால்தான். இந்த ஊரில் வேலை செய்யும் மூக்கு ஒரு பாதுகாப்பு.

"இங்க காத்தே பொகதானே?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்பவர் சாக்குச் சொல்லவில்லை, தன் வாழ்க்கையைச் சொல்கிறார். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைப் பார்த்தவர். சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியை இராயபுரத்து மொட்டை மாடிகளில் பெருக்கியவர். 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் அங்கிருந்து எண்ணூருக்கு மாற்றச் சொன்னபோது இராயபுரத்துக்கு ஓய்வு, எண்ணூருக்குப் பாரம். டிரெய்லர்களின் டீசல் புகை இன்றுவரை நிற்கவில்லை. இந்தக் காற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல, பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்பதை நிறுத்தவும் கூடாது.

ஆனால் மேலே சொன்ன நுண்மயிர்களை நினைத்துப் பாருங்கள். சாம்பலையும் டீசல் கரியையும் வெளியே தள்ள உங்களிடம் இருக்கும் முக்கியமான ஆள்படை அதுதான். சுத்தமான காற்றுள்ள ஊரில் அந்தப் படை இல்லாமல் சில காலம் சமாளிக்கலாம். இங்கே முடியாது. காற்று கெட்டிருப்பது தொடர்ந்து புகைக்கக் காரணம் அல்ல, வடசென்னைக்காரர் மற்றவர்களுக்கு முன்னால் விட வேண்டும் என்பதற்கான காரணம்.

கோபம், தூக்கம், கனவு

முதல் இரண்டு வாரம் வீட்டில் சண்டை வரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "ரெண்டு வாரம் நான் சிடுசிடுன்னுதான் இருப்பேன், மனசுல வெச்சுக்காதீங்க." வீட்டாருக்கு ஒரு வார்த்தை: "இதுக்கு நீ தம் அடிச்சே தொலைச்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனவர்கள் உண்டு.

தூக்கம் துண்டு துண்டாக வரும். கனவில் புகைப்பீர்கள். விழித்ததும் உண்மையிலேயே அடித்துவிட்டோமோ என்று குற்ற உணர்வோடு விரலை முகர்ந்து பார்ப்பீர்கள். விட்டவர்களில் ஏராளமானோர் காணும் கனவு இது, தோல்வியின் அறிகுறி அல்ல. மனச்சோர்வு மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலோ, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

ஏக்கமே தாங்கவில்லை என்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, காரமாகச் சுர்ரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, சுர்ரென்பது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. கண் விழித்த அரை மணிக்குள் பற்றவைத்துப் பழகியவர்களும், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். அடையாறு புற்றுநோய் மையத்தில் 2002 முதல் புகையிலை விடுவிப்புச் சிகிச்சை நடக்கிறது.

காத்திருக்கக் கூடாதவை

விட்ட பிறகு மார்பில் லேசான இறுக்கம் பலருக்கு வரும், இருமி இருமித் தசை நோவதும் உண்டு. ஆனால் நெஞ்சின் நடுவில் பாரம் ஏறியது போன்ற வலி, அது தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். புகையை விட்டதன் விளைவா என்று யோசிக்க அப்போது நேரமில்லை. சளியில் இரத்தம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூன்று வாரமாகக் குரல் கம்மியிருப்பது ஆகியவற்றையும் விடுவதன் கணக்கில் எழுதாதீர்கள்.

மாலை கழற்றும் நாள்

இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கெனவே கடந்தவர்கள் நம் தெருக்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, சபரிமலைக்குப் போய்வரும்வரை ஒரு தம்கூடத் தொடாத சாமிகள். இராயப்பர் பெயரால் இராயபுரம் ஆன ஊரில் தவக்காலத்தின் நாற்பது நாளும் விடுபவர்கள். ரமலான் முழுக்கப் பகலில் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பவர்கள். நோன்பு நோற்பவர்கள் அந்தி சாய்ந்த பிறகாவது பற்றவைத்துவிட முடியும், மாலை போட்ட சாமிக்கு அதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். கரையில் வலை தைத்துக்கொண்டிருக்கும் அந்த நாட்கள், கூட்டாளிகள் கட்டுக் கட்டாகப் பீடியோடு ஏறும் படகைவிட விடுவதற்கு எளிது.

நான் இரண்டாம் முறை விட்டது மாலை போட்டுத்தான். அந்த இருமல் மறுபடி வந்தது. விரதத்தில் இருந்ததால் யாரும் "ஒண்ணு போடு" என்று சொல்லவில்லை. மூன்றாம் வாரம் தானே குறைந்தது. இதைத்தான் முதல் முறை எனக்கு யாரும் பார்க்க விடவில்லை.

விரதம் முடியும் நாற்பத்தோராம் நாள் உங்கள் உடம்பில் நிகோடின் இல்லை. அதற்கான பசியும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மிச்சமிருப்பது இடமும் நேரமும் ஆட்களும்தான்: அதே கடை, அதே கயிற்று நெருப்பு, "மால கழட்டியாச்சா? இந்தா" என்று நீளும் கை. அப்படி ஒன்றை வாங்கிவிட்டாலும் எல்லாம் போய்விடவில்லை. மீதியைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த நாளை நாற்பத்திரண்டாம் நாளாகவே எண்ணுங்கள். ஆனால் அந்தக் கை நீளாத இடத்தில் இருப்பது அதைவிட நல்லது. குருசாமி மாலையைக் கழற்றும் அன்று கடைக்குப் போகாதீர்கள். வீட்டிலேயே டீ போட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து குடியுங்கள்.